கரடிக் கறியும் குளிரில் சாகாத புழுவும்

2022 கோடையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தினர் ஒன்றுகூடினார்கள். வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், மொத்தம் ஒன்பது பேர். விருந்துக்குக் கரடிக் கறி. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து வடக்குக் காட்டில் அந்த ஆண்டு மே மாதம் அவர்களில் ஒருவர் வேட்டையாடிய கருங்கரடி. கறியில் புழு இருக்கலாம், உறைய வைத்துச் சாப்பிடுங்கள் என்று வேட்டைக்கு ஏற்பாடு செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே வீட்டு ஃப்ரீசரில் 45 நாள் வைத்திருந்தார்கள். பிறகு பனி நீக்கித் துண்டு போட்டு, காய்கறிகளோடு கம்பியில் கோத்துத் தணலில் வாட்டினார்கள்.

கரடிக் கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்திருக்கிறதா இல்லையா என்று பார்வைக்குப் பிடிபடவில்லை. சிலர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் உள்ளே சரியாக வேகவில்லை என்பது தெரிந்தது. மறுபடியும் அடுப்பேற்றி வாட்டிப் பரிமாறினார்கள். அதற்குள் காரியம் நடந்து முடிந்திருந்தது. அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல், தாங்க முடியாத தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஆறு பேருக்கு நோய். மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆறு பேரில் இருவர் கறியைத் தொடவே இல்லை. கூடவே வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். மிச்சமிருந்த கறியை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வாங்கிச் சோதித்தது. 110 நாளுக்கு மேல் உறைந்து கிடந்த அந்தக் கறிக்குள் இளம்புழுக்கள் உயிரோடு நெளிந்தன.

ஃப்ரீசரில் வைத்தால் புழு சாகும் என்பது தவறான அறிவுரை இல்லை. பன்றிக் கறிக்கு அது சோதித்துப் பார்த்த உண்மை. பன்றியிடம் கற்ற பாடத்தைக் கரடியிடம் ஒப்பித்ததில்தான் தவறு நேர்ந்தது. கரடிக் கறியைப் பற்றி எழுதும்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: ஒவ்வொரு விலங்கின் கறியும் அந்த விலங்கு வாழ்ந்த இடத்தையும் தின்ற தீனியையும் சுமந்துகொண்டுதான் சமையலறைக்கு வருகிறது. கரடியின் ருசியும் ஆபத்தும் அந்த ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன.

ருசியை முதலில் பார்ப்போம். கரடிக் கறி சாப்பிட்டவர்களை விசாரித்தால் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துவராது. நல்ல மாட்டுக்கறி போல இருக்கும், லேசான இனிப்புகூட உண்டு என்பார் ஒருவர். வாயில் வைக்க முடியாத கவிச்சி என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான். இலையுதிர் காலத்தில் கரடி குளிர்கால உறக்கத்துக்குத் தயாராகும்போது நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும். அது மலைச்சரிவில் புளூபெர்ரியும் ஓக் மரக் கொட்டைகளும் தின்ற கரடியாக இருந்தால், கொழுப்பு வெள்ளை வெளேரென்று, மணமாக இருக்கும். அலாஸ்கா கடற்கரையில் சால்மன் மீனைத் தின்று பெருத்த கரடியாக இருந்தால், அதன் கொழுப்பில் மீன் வாடை ஊறியிருக்கும்.

இதன் காரணம் வயிற்றின் அமைப்பில் இருக்கிறது. மாடு, ஆடு, மான் எல்லாம் அசைபோடும் விலங்குகள். அவற்றின் இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகள், தீனியிலுள்ள கொழுப்பு அமிலங்களை மாற்றியமைத்த பிறகே உடலுக்குள் அனுப்பும். எந்தப் புல்லைத் தின்றாலும் மாட்டுக் கொழுப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டியாக இருப்பது அதனால்தான். கரடிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. தின்ற கொழுப்பு பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அப்படியே தோலடியில் போய்ச் சேரும். கருவாட்டுத் தூளும் மீன் கழிவும் தின்று வளர்ந்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தால் கறியில் கவிச்சி அடிப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். கரடியிலும் நடப்பது அதுதான். மீன் கொழுப்பில் நிறைவுறாத அமிலங்கள் அதிகம். அவை காற்றுப் பட்டதும் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை அதில்தான் கிளம்புகிறது. உறைய வைத்தாலும் இந்த வேதிவினை மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மீன் தின்ற கரடியைச் சமைக்கிறவர்கள் முதல் வேலையாகக் கொழுப்பை ஒட்ட அரிந்து எறிந்துவிடுவார்கள். பழம் தின்ற கரடியிடம் நிலைமை தலைகீழ். அதன் கொழுப்பைத்தான் பத்திரப்படுத்துவார்கள். 18ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்று வட்டாரத்தில் கரடிக் கொழுப்பை உருக்கி, எண்ணெயாக்கி, மான்தோலில் அடைத்து விற்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் வீடுகளில் அது அன்றாடச் சமையல் எண்ணெய். இன்றும் வட அமெரிக்க வேட்டைக் குடும்பங்களில் பிஸ்கட் மாவும் பை மாவும் பிசைய அதைத் தேடி எடுத்து வைப்பவர்கள் உண்டு.

ருசியைக் கெடுக்கும் இன்னொரு காரணம் வெப்பம். கரடிக்கு அடர்ந்த ரோமமும் கனத்த கொழுப்புப் போர்வையும் இருப்பதால், உயிர் போன பிறகும் உடல் சூடு வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். எலும்பையொட்டிய கறி அந்தச் சூட்டிலேயே கெடத் தொடங்கும். தோலைச் சீக்கிரம் உரித்து உடலை ஆறவிடாத வேட்டைக்காரர்கள்தான் பெரும்பாலும் கரடிக் கறி நாறும் என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் எந்தக் கரடியையும் வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை இருக்கின்றன. நான் பேசுவது வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, அதுவே உணவாகவும் இருக்கிற வட அமெரிக்க, ஜப்பானிய, ஆர்க்டிக் நிலங்களைப் பற்றி.

இனி புழு. பழமும் கொட்டையும் தின்னும் அதே கரடி, செத்துக் கிடக்கும் விலங்கையும் விடாது. நரி, ஓநாய், இன்னொரு கரடி என்று எந்தப் பிணமானாலும் அதற்கு உணவுதான். ட்ரைக்கினெல்லா என்ற உருளைப்புழு பரவும் வழி அதுவே. இந்தப் புழுவுக்கு மண்ணோ நீரோ கொசுவோ தேவையில்லை. ஒரு விலங்கின் தசையிலிருந்து இன்னொன்றின் வயிற்றுக்குள் போனால் போதும்.

1835இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜெட் என்ற முதலாண்டு மாணவர் பிணத்தை அறுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். தசையெங்கும் வெள்ளைப் பொடி தூவினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள். கத்தியை மழுங்கடிக்கும் சுண்ணாம்புத் துகள் என்று மற்றவர்கள் கவனிக்காமல் விட்டதை அவர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு புழு சுருண்டு கிடந்தது. அதை விவரித்துப் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஓவன். ஆனால் அது மனிதரைக் கொல்லக்கூடியது என்பது 1860இல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இறந்துபோன ஒரு பணிப்பெண்ணின் உடலை ஆராய்ந்த ஃப்ரீட்ரிக் ஜெங்கர் அதை நிறுவினார்.

அந்தப் புழு தசைக்குள் செய்யும் வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். புழு இருக்கிற கறியைத் தின்றதும், நம் இரைப்பை அமிலம் புழுவின் உறையைக் கரைத்து இளம்புழுவை விடுவிக்கிறது. அது சிறுகுடலின் உட்சுவருக்குள் நுழைந்து, ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் நான்கு முறை தோலுரித்து முழுப்புழுவாகிவிடும். இணைசேர்ந்த பெண்புழு முட்டையிடுவதில்லை. உயிருள்ள குஞ்சுகளையே ஈனும், அதுவும் வாரக்கணக்கில். அந்தக் குஞ்சுகள் ரத்தத்தில் ஏறி உடல் முழுவதும் சுற்றித் தசையை அடையும். உதரவிதானம், நாக்கு, தாடைத் தசை என்று ஓயாமல் உழைக்கும் தசைகள் அவற்றுக்கு மிகவும் பிடித்தமானவை. ஒரு தசைச் செல்லுக்குள் புகுந்ததும் அதைக் கொல்லாது. அந்தச் செல்லின் மரபணு இயக்கத்தையே மாற்றி, சுருங்கி விரியும் வேலையை நிறுத்தச் செய்து, தன்னைப் பேணும் செவிலிச் செல்லாக ஆக்கிக்கொள்கிறது. செல்லைச் சுற்றிக் கொலாஜன் உறை எழும். உறையைச் சுற்றிப் புதிய நுண் ரத்தக் குழாய்கள் பின்னிக்கொள்ளும். நம் ரத்தத்திலிருந்தே அதற்குச் சோறு போய்ச் சேருகிறது. அந்த அறைக்குள் சுருண்டு படுத்தபடி அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்; இந்த உடலை வேறொரு உயிர் தின்னும் நாளுக்காகக் காத்திருக்கும்.

குஞ்சுகள் தசைக்குள் நுழையும் அந்தக் கட்டத்தில்தான் காய்ச்சலும் வலியும் கண் வீக்கமும் வருகின்றன. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மளமளவென்று கூடும். மருத்துவருக்குத் துப்புத் தருவது பெரும்பாலும் அந்த எண்ணிக்கைதான். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இதயத் தசையோ மூளையோ அழற்சி கண்டால் உயிருக்கே ஆபத்து. அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் புழுக்களை நன்றாக விரட்டும். தசைக்குள் கூடு கட்டிவிட்டவற்றிடம் அதன் வேகம் குறைவு. கரடிக் கறி சாப்பிட்டு ஓரிரு வாரத்தில் உடம்பு வலித்தால், என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் புழுவில் ஒரே வகை மட்டும் இல்லை. பன்றியிலும் எலியிலும் வாழ்வது ட்ரைக்கினெல்லா ஸ்பைராலிஸ். 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத பன்றிக் கறியை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் அது செத்துவிடும். ஃப்ரீசர் அறிவுரைக்கு அடிப்படை இதுதான். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் கரடியிலும் நரியிலும் வாழ்வது வேறொரு வகை, ட்ரைக்கினெல்லா நேட்டிவா. தெற்கு டகோட்டா விருந்தில் இருந்தது அதுதான். வட அமெரிக்க மலைப்பகுதிகளில் இதற்கு நெருங்கிய இன்னொரு வகையும் குளிரைத் தாங்கும். பனிக்காலம் முழுவதும் செத்த நரி ஒன்று பனிக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் கரடி வந்து அதைத் தின்னும்வரை உயிரோடிருக்கும் புழுவுக்குத்தான் அங்கே சந்ததி. குளிரில் செத்தவை எல்லாம் அங்கேயே முடிந்துபோயின. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனி சலித்தெடுத்த அந்தப் புழுவுக்கு நம் வீட்டு ஃப்ரீசர் ஒரு சாதாரணக் குளிர்காலம். எந்த விலங்கின் தசையில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்: கரடி, நரி போன்ற ஊனுண்ணிகளின் தசையில் ஆண்டுக்கணக்கில் உறைந்தும் பிழைத்திருக்கும் நேட்டிவா, பன்றித் தசையில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை.

துருவப் பயண வரலாற்றில் இந்தப் புழுவின் மேல் ஒரு பழைய சந்தேகம் உண்டு. 1897 ஜூலை 11 அன்று சுவீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெரி, ஃப்ரெங்கல் என்ற மூவர் ஸ்வால்பார்டிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்றே நாளில் பலூன் பனித்தளத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் பனியில் சறுக்குவண்டி இழுத்தபடி வழி தேடினார்கள். வழியில் சுட்ட பனிக்கரடிகளே முக்கிய உணவு. சில வேளை பச்சையாகவும் தின்றார்கள். அக்டோபரில் குவிட்டோயா தீவை அடைந்ததோடு அவர்களின் குறிப்புகள் நின்றுபோகின்றன. 33 ஆண்டு கழித்து, 1930இல், ஒரு நார்வேக் கப்பல் அவர்களின் எச்சங்களைக் கண்டெடுத்தது. உணவு மிச்சம் இருந்தது, தோட்டாக்கள் இருந்தன, ஏன் செத்தார்கள்? டென்மார்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் ட்ரீடே, நாட்குறிப்புகளில் எழுதப்பட்டிருந்த வயிற்றுப்போக்கையும் வலிகளையும் சேர்த்துப் பார்த்து, அவர்கள் கொண்டுவந்திருந்த கரடியின் எச்சத்தில் ட்ரைக்கினெல்லா இருந்ததையும் கண்டு, கரடிக் கறிதான் கொன்றது என்று 1952இல் நூலெழுதினார். அதை எல்லாரும் ஏற்கவில்லை. குளிர், சோர்வு, வேறு நஞ்சு என்று மாற்று விளக்கங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் அவர்கள் தின்ற கரடியில் புழு இருந்தது என்பது மறுக்க முடியாத சாட்சி.

குளிர் உதவாது என்றால் மிஞ்சுவது வெப்பம். இங்கே நல்ல செய்தி இருக்கிறது: எந்த வகை ட்ரைக்கினெல்லாவும் சூட்டைத் தாங்காது. பன்றிக் கறியில் 60 டிகிரியில் ஒரு நிமிடம் போதும், செத்துவிடும். அப்படியிருந்தும் கரடிக் கறிக்கு 74 டிகிரி என்று சிடிசி சொல்வதற்குக் காரணம் வீட்டு அடுப்பு. ஆய்வகத்தில் கறி முழுக்க ஒரே சூடு பரவும். தணலில் வாட்டும் துண்டில் வெளிப்புறம் கருகும்போது நடுப்பகுதி 50 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. ஆகவே தெர்மாமீட்டரின் முனையை மிகத் தடித்த இடத்தின் நடுவில், எலும்பில் படாமல் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு துண்டில் பார்த்துவிட்டு மற்றதையும் வெந்ததாக எண்ணக் கூடாது.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கும் வேதியியல் காரணம் உண்டு. கறிக்குச் சிவப்பு தருவது மயோகுளோபின் என்ற புரதம். தசையில் ஆக்சிஜனைச் சேமிப்பது அதன் வேலை. கரடியின் தசையில் அது ஏராளம். கோழிக்கறி வெளுப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று சொல்லப் பழகிய கண்ணுக்கு, இந்தக் கருஞ்சிவப்பில் பிடி கிடைக்காது. புகைபோடுவது, உப்பிடுவது, வற்றலாகக் காயவைப்பது, மைக்ரோவேவில் சூடாக்குவது ஆகிய எதுவும் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. வேட்டைக்காரர்கள் விரும்பிச் செய்யும் கரடி வற்றலையும் முதலில் 74 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். பச்சைக் கறி பட்ட கத்தி, பலகை, கம்பி எல்லாவற்றையும் கழுவாமல் காய்கறிக்குக் கொண்டுபோகக் கூடாது. கறியைத் தொடாத அந்த இருவரும் படுத்த படுக்கையானது கறியோடு சேர்ந்து வெந்த காய்கறியால்தான். டாக்ஸோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் கரடிகளிடம் பரவலாக உண்டு. அதே சூடு அதற்கும் போதும்.

பாதுகாப்புக்காக ருசியை இழக்க வேண்டுமோ என்று கேட்பவர்களுக்கு என் பதில், இல்லை. ஓடியாடி உழைத்த முதிர்ந்த விலங்கின் தோளும் தொடையும் கொலாஜன் நிறைந்தவை. அவசரமாக வாட்டினால் செருப்புத்தோல்தான். மூடிய பாத்திரத்தில் கொஞ்சம் நீர் விட்டு, 80, 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் மெல்ல வேகவிட்டால், அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகி நூல் நூலாகப் பிரியும். புழு செத்து வெகுநேரம் கழித்துத்தான் கறி பதமாகிறது. ஜப்பானில் வடக்கு மலைகளின் மட்டாகி வேட்டைக்காரர்கள் கரடிக் கறியை மிசோ, வெங்காயத்தாள், வேர்க்காய்கள் சேர்த்துக் குழம்பாகக் கொதிக்க வைப்பது இப்படித்தான். வெள்ளைக் கொழுப்பு ஒட்டிய துண்டுக்கு அங்கே தனி மதிப்பு. அதே ஜப்பானில் கரடிக் கறியைப் பச்சையாகத் தின்றதால் 1974இல் அவோமோரி மாகாணத்தில் முதல் ட்ரைக்கினெல்லா நோய்ப்பரவல் பதிவானது. 2016 இறுதியில் இபராக்கி மாகாணத்தின் மிட்டோ நகர உணவகம் ஒன்றில் அரைவேக்காட்டுக் கரடிக் கறி சாப்பிட்டு இருபது பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

வேகவைத்தும் தீராத ஆபத்து ஒன்று பனிக்கரடியிடம் இருக்கிறது. அதன் ஈரல். 1596–97 குளிர்காலத்தில் நோவயா செம்ல்யா தீவில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமி பேரண்ட்ஸின் ஆட்கள் பனிக்கரடி ஈரலைத் தின்றார்கள். மூவர் சாகக் கிடந்து பிழைத்தார்கள். தலை முதல் கால்வரை தோல் உரிந்துபோனதாக உடனிருந்த கெரிட் டே வேர் எழுதிவைத்திருக்கிறார். காரணம் தெரிய 1943 வரை ஆனது. ரோடால், மூர் என்ற இருவர் அந்த ஈரலை அளந்தபோது ஒரு கிராமில் 13,000 முதல் 18,000 அலகு வரை வைட்டமின் ஏ இருந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 3,000 அலகு. சீல்களின் கொழுப்பில் திரண்ட வைட்டமின் முழுவதும் அவற்றைத் தின்னும் கரடியின் ஈரலில் சேர்ந்துவிடுகிறது. இனுயிட் மக்கள் பனிக்கரடி ஈரலைத் தின்பதில்லை. ஐரோப்பியர்கள் அளந்து கண்டுபிடிக்கும் முன்பே அவர்களுக்கு அது தெரியும். பல கடல்விலங்குகளைப் பச்சையாகச் சாப்பிடும் அதே மக்கள், பனிக்கரடிக் கறியை வேகவைத்தே சாப்பிடுகிறார்கள்.

அந்த அறிவோடு ஆய்வகம் கைகோத்த ஓர் இடம் கனடாவின் நுனாவிக். அங்கே கரடியோடு வால்ரஸும் இதே நேட்டிவா புழுவைச் சுமக்கிறது; வால்ரஸ் கறியைப் பச்சையாகவும் புளிக்கவைத்தும் சாப்பிடுவது அங்குள்ள இனுயிட் மக்களின் வழக்கம். அந்த வழக்கத்தை விடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. 1990களில் தொடங்கிய திட்டத்தின்படி, வேட்டை முடிந்ததும் ஒவ்வொரு வால்ரஸின் நாக்கையும் அடையாளமிட்டுக் குஜுவாக் நகரின் ஆய்வு மையத்துக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். நாக்கைத் தேர்ந்ததற்குக் காரணம், புழு அங்கேதான் அடர்ந்திருக்கும். அந்த மையத்தில் செயற்கை இரைப்பை நீரில் தசையைக் கரைத்துப் புழுவைத் தேடுகிறார்கள். முடிவு வரும்வரை ஊரில் கறி பகிரப்படாது. புழு இல்லை என்று சொன்ன பிறகு வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். இருந்தால் அந்த விலங்கின் கறி முழுவதும் ஒதுக்கப்படும்.

கரடி வேட்டைக்கும் இதே கவனம் பொருந்தும், குறிப்பாக மிஞ்சியவற்றில். அரிந்தெறிந்த பச்சைத் துண்டுகளை வீட்டு நாய்க்குப் போட்டால் நாய்க்கும் புழு தொற்றும். காட்டிலேயே விட்டுவந்த உடலை நரியும் இன்னொரு கரடியும் தின்னும். அடுத்த பருவத்துக் கறியில் அதே புழு திரும்பி வரும். ஒதுக்கிய கறியைப் புதைப்பதென்றால் விலங்குகள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் முழுவதுமாக எரித்துவிட வேண்டும்.